முகலாய அந்தப்புரத்தில் மனைவியின் இடம்

முகலாயப் பேரரசியரைப் பற்றி இன்று பரவலாக நிலவும் எண்ணம் பெரும்பாலும் இரண்டு பெண்களின் வாழ்க்கையிலிருந்தே உருவாகியுள்ளது. ஒருவர் ஜஹாங்கீரின் மனைவி நூர் ஜஹான்; மற்றவர் ஷாஜஹானின் மனைவி மும்தாஜ் மஹால். இருவரும் பாரசீகத்திலிருந்து வாழ்வு தேடி இந்தியாவுக்கு வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். முன்னவர் பின்னவரின் அத்தை. நூர் ஜஹான் மணம் புரிந்த 1611ஆம் ஆண்டுக்கும் மும்தாஜ் மறைந்த 1631ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் இருபது ஆண்டுகளே. பாபர் தில்லியைக் கைப்பற்றிய 1526 முதல் ஔரங்கசேப் மறைந்த 1707 வரையிலான நெடிய காலத்தில் பேரரசரின் மனைவி என்ற தகுதியிலேயே ஒரு பெண் அரசியலின் நடுவிடத்தில் நின்றது ஏறத்தாழ அந்த இருபது ஆண்டுகளில் மட்டும்தான். அதற்கு முன் அந்த இடம் தாய்மாருக்கும் அத்தைமாருக்கும் உரியதாக இருந்தது; அதற்குப் பின் மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் சென்றது. மனைவியரின் அன்றாட வாழ்வையும் செல்வத்தையும் செல்வாக்கையும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் நூர் ஜஹானின் வாழ்வு எவ்வளவு விதிவிலக்கானது என்பது புலப்படும்.

அந்தப்புரம் என்பது முதலில் ஒரு நிர்வாக அமைப்பு. அக்பரின் அமைச்சரும் வரலாற்றாசிரியருமான அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கு வாழ்ந்ததாகவும் ஒவ்வொருவருக்கும் தனி இருப்பிடம் ஒதுக்கப்பட்டிருந்ததாகவும் கூறுகிறது. இந்த எண்ணிக்கையைப் பேரரசரின் மனைவியர் எண்ணிக்கையாகக் கொள்வது பிழை. தாய், மாற்றாந்தாய்மார், அத்தைகள், விதவையான உறவினர், வளர்ப்புத் தாய்மார், மகள்கள் ஆகியோரோடு இவர்களுக்குப் பணிசெய்த தாதியர், எழுத்தர், சமையற்பெண்கள், காவற்பெண்கள் அனைவரும் இதில் அடங்குவர். அந்தப்புரம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தரோகா எனப்பட்ட பெண் மேற்பார்வையாளர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். காவலும் அடுக்கடுக்காக இருந்தது: உட்புறத்தில் நம்பிக்கைக்குரிய பெண்கள், சுற்றுச்சுவருக்கு வெளியே குவாஜாசரா எனப்பட்ட, விதையடிக்கப்பட்ட ஆடவர், சற்றுத் தள்ளி ராஜபுத்திர வீரர்கள், அதற்கும் அப்பால் வாயிற்காவலர்.

இந்த அமைப்பின் உண்மையான நரம்பு கணக்குப் புத்தகமே. மேல்நிலைப் பெண்களுக்கு மாதம் 1,028 முதல் 1,610 ரூபாய் வரை ஊதியம் வழங்கப்பட்டதாக அபுல் ஃபசல் குறிக்கிறார். பணிப்பெண்களில் சிலர் 51 ரூபாய் வரையிலும் கடைநிலையினர் 2 ரூபாயும் பெற்றனர். அதே நூலில் சாதாரணக் கூலியாளின் நாட்கூலி 2 தாம் என்றும், 40 தாம் ஒரு ரூபாய் என்றும் காண்கிறோம். ஆகவே கூலியாளின் மாத வருமானம் ஒன்றரை ரூபாய் அளவே. அந்தப்புரத்துப் பெண் ஒருவர் தம் ஊதிய வரம்புக்குள் ஏதேனும் வேண்டினால், உள்ளேயிருந்த பணப்பொறுப்பாளரிடம் அதைத் தெரிவிக்க, அவர் குறிப்பு எழுதி எழுத்தரின் சரிபார்ப்புக்குப் பின் தலைமைக் கருவூலத்துக்கு அனுப்ப, அங்கிருந்து ரொக்கம் வந்து சேர்ந்தது. வெளியுலகக் கற்பனை இந்த இடத்தை இன்பக்கூடமாகவே வரைந்துவந்த போதிலும், அங்கு பிழைத்திருக்கவும் உயரவும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டவை ஊதியப் படிநிலை, சொந்தப் பணியாளர் குழு, வருவாய் தரும் நிலம், ஆணை பிறப்பிக்கும் முத்திரை ஆகியவையே.

இந்தப் படிநிலையில் மனைவி உச்சத்தில் இருக்கவில்லை. பாபரின் மகள் குல்பதன் பேகம், தம் முதிய வயதில் அண்ணன் மகன் அக்பரின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதிய ஹுமாயூன் நாமா இதற்குச் சிறந்த சான்று. பாபர் ஆக்ராவில் இருந்தபோது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம் அத்தைமாரைச் சென்று காண்பதை வழக்கமாகக் கொண்டிருந்ததாகவும், கடும் வெயில் வீசிய ஒரு நாளில் அன்று மட்டும் போகாமலிருக்கலாமே என்று அன்பு மனைவி மாஹம் பேகம் சொன்னபோது அதை ஏற்காமல் கடிந்துகொண்டதாகவும் அவர் எழுதுகிறார். மாஹம் பட்டத்து இளவரசர் ஹுமாயூனின் தாய். ஆயினும் தந்தைவழி மூத்த பெண்களுக்கு உரிய மரியாதையின் குறுக்கே அவர் சொல் எடுபடவில்லை. 1541இல் ஹமீதா பானுவை மணக்க ஹுமாயூன் விரும்பியபோது, நாடிழந்து சிந்துப் பகுதியில் அலைந்துகொண்டிருந்த அந்த மன்னரை அந்த இளம்பெண் ஏறத்தாழ நாற்பது நாள்கள் மறுத்துவந்தார் என்பதும், தம் கை எட்டாத உயரத்தில் இருப்பவரைவிடக் கை எட்டுபவரையே மணப்பேன் என்று வாதிட்டார் என்பதும், இறுதியில் ஹுமாயூனின் மாற்றாந்தாய் தில்தார் பேகமே அவரை இணங்கச் செய்தார் என்பதும் அதே நூலில் பதிவாகியுள்ளன. மறுத்த பெண்ணைத் தண்டிக்கவோ வற்புறுத்தி இழுத்துவரவோ முயலாமல் மூத்த பெண்ணொருவரின் தூதை நாடியது அக்கால வழக்கத்தின் சாயலைக் காட்டுகிறது.

அந்த ஹமீதா பானுவே அக்பரின் தாயானார். மனைவியாக அவர் கண்டது நாடோடி வாழ்வும் பாரசீகத்தில் அடைக்கலமும்; தாயானபின் கிடைத்ததோ மரியம் மகானி என்ற பட்டமும் பேரரசின் உச்ச மதிப்பும். ஆற்றைக் கடக்க நேர்ந்தபோது அக்பர் தாயின் பல்லக்கைத் தம் தோளில் சுமந்தார் என்று ஆங்கிலப் பயணி தாமஸ் கோர்யாட் கேட்டு எழுதியுள்ளார். 1604இல் ஹமீதா மறைந்தபோது அக்பர் தலையை மழித்துத் துக்கம் காத்தார். அக்பரின் மனைவியருள் ஒருவரும் கல்வியில் சிறந்தவருமான சலீமா சுல்தான் பேகத்தின் நிலையும் இதையே உறுதிசெய்கிறது. கிளர்ச்சி செய்து அலகாபாத்தில் தங்கியிருந்த இளவரசர் சலீமைச் சமாதானப்படுத்தித் தந்தையிடம் அழைத்துவந்தவர் அவர். பின்னர் அதே சலீம் ஜஹாங்கீராக அரியணையில் இருந்தபோது, பிரபுவான அசீஸ் கோகாவுக்கு மரண தண்டனை விதிப்பது பற்றி அவையில் பேச்சு எழ, அந்தப்புரப் பெண்கள் அனைவரும் அவருக்காகப் பரிந்துபேசக் கூடியிருப்பதாகவும், பேரரசர் உள்ளே வராவிட்டால் தாங்களே வெளியே வருவதாகவும் திரைக்குப் பின்னிருந்து உரத்துக் கூறியவரும் அவரே. ஜஹாங்கீர் உள்ளே சென்றார். அசீஸ் கோகா உயிர் தப்பினார்.

ஆம்பேர் அரசர் பார்மலின் மகளாகப் பிறந்து, 1562இல் சாம்பரில் அக்பரை மணந்து, 1569இல் சலீமைப் பெற்றெடுத்த பெண்ணின் வாழ்க்கை இந்த வகையில் மிகுந்த பொருள் உடையது. இவருக்கு ஜோதா பாய் என்ற பெயரைத் திரைப்படங்கள் நிலைநிறுத்திவிட்டன. ஆனால் அக்பர் காலத்து நூல்களில் அப்பெயர் இல்லை. ஜோத்பூர் அரசகுலத்துப் பெண்ணாக இருந்தவர் ஜஹாங்கீரின் மனைவியும் ஷாஜஹானின் தாயுமான ஜகத் கோசாயின்தான். ஆம்பேர் இளவரசி சமகால ஆவணங்களில் மரியம் உஸ் ஸமானி என்ற பட்டத்தாலேயே அறியப்படுகிறார். அக்பரின் நாற்பதாண்டுத் துணைவியாக அவர் செய்தவை பற்றி அக்கால வரலாற்று நூல்கள் கிட்டத்தட்ட ஏதும் சொல்லவில்லை. மகன் அரியணை ஏறிய பின்போ அவர் பெயர் எங்கும் தென்படுகிறது. லாகூருக்கு அருகே தாயை எதிர்கொள்ளப் படகேறிச் சென்று மங்கோலிய முறைப்படி பணிந்து வணங்கியதை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் மகிழ்வோடு எழுதுகிறார். பேரரசரைப் பொன்னுக்கு எதிராகத் தராசில் நிறுக்கும் பிறந்தநாள் சடங்குகளும் அரசகுடும்பத் திருமணங்களும் அவர் மாளிகையில் நடந்தன. லாகூர்க் கோட்டைக்கு எதிரே 1611க்கும் 1614க்கும் இடையே எழுந்த பேகம் ஷாஹி பள்ளிவாசல் அவர் பெயரில் நிற்கிறது.

அவரது வணிகம் அதைவிடக் கவனத்துக்குரியது. ஆக்ராவுக்கு அருகில் அவுரி விளைந்த பயானாவில் அவருடைய முகவர் கொள்முதல் செய்துகொண்டிருந்தபோது, ஆங்கில வணிகர் வில்லியம் ஃபின்ச் கூடுதல் விலை கொடுத்துச் சரக்கை வாங்கிவிட, அதனால் எழுந்த மனக்கசப்பு அப்போது அரசவையில் சலுகை கேட்டுக் காத்திருந்த ஆங்கிலேயருக்குப் பாதகமாயிற்று. செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கையும் ஹஜ் பயணிகளையும் ஏற்றிச் சென்ற ரஹீமி என்ற பெருங்கப்பல் அவருக்குச் சொந்தமானது. போர்ச்சுக்கீசியர் அக்கடலில் செல்லும் கப்பல்களுக்கு அனுமதிச்சீட்டு விற்று வந்தனர். ரஹீமியிடம் அச்சீட்டு இருந்தும் 1613இல் சூரத் அருகே அவர்கள் அதைக் கைப்பற்றி, ஏறத்தாழ 700 பயணிகளோடு கோவாவுக்குக் கொண்டுசென்றனர். சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் பவுன் என்று ஆங்கிலேயர் மதிப்பிட்டனர். ஜஹாங்கீர் டாமனை முற்றுகையிட ஆணையிட்டார். சூரத்தில் போர்ச்சுக்கீசிய வணிகம் நிறுத்தப்பட்டது. ஆக்ராவில் இயேசு சபையாரின் தேவாலயம் மூடப்பட்டது. போர்ச்சுக்கீசியரின் இடத்தை ஆங்கிலேயர் பிடிக்க இந்தப் பிளவு உதவியது. பேரரசரின் சினத்துக்குத் தாய்ப்பாசம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை; ஆயினும் கப்பலின் சொந்தக்காரர் ஓர் இராஜமாதா என்பதால் அது வெறும் கடற்கொள்ளையாக இல்லாமல் அரசு அவமதிப்பாகவே கருதப்பட்டது.

இங்குச் சான்றுகளின் தரம் பற்றிச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகள் அந்தப்புரத்தைப் பற்றி நிறையப் பேசுகின்றன. ஆனால் அவர்கள் கண்டது மிகக் குறைவு. ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ, நாணல் தட்டியில் இருந்த சிறு துளைகள் வழியே தம்மை எட்டிப்பார்த்த அரசியர் இருவரைக் கணநேரம் கண்டார். பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, காஷ்மீரச் சால்வையால் தலைமுதல் கால்வரை மூடப்பட்டு, பார்வையற்றவரைப் போலக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார். வெனிசு நகரத்தவரும் பிற்காலத்தில் சென்னைப்பட்டணத்தில் குடியேறியவருமான நிக்கோலோ மனுச்சி, மருத்துவராகப் பணியாற்றியபோது திரைக்குள் கையை நீட்டி நாடி பார்த்ததை விவரிக்கிறார். இவர்களுடைய ஊதிய விவரங்களும் பதவிப் பெயர்களும் பயனுள்ளவை. காமக்கதைகளோ கடைத்தெருவில் கேட்டவை. பிந்தைய ஆய்வாளர்களில் சிலரும் அவற்றை ஆராயாமல் எடுத்தாண்டனர். ரூபி லால் போன்றோரின் அண்மைக்கால ஆய்வுகள் குல்பதனின் நூலையும் அரசியரின் ஆணைகளையும் முதன்மைப்படுத்திய பிறகே படம் திருந்தத் தொடங்கியது. ஃபர்மான் என்பது பேரரசர் மட்டுமே பிறப்பிக்கத்தக்க ஆணை. இளவரசர்களும் இளவரசியரும் பிறப்பித்தது நிஷான். அரசியரும் இராஜமாதாக்களும் தம் முத்திரையிட்டு வழங்கியது ஹுக்கும். ஹமீதா பானு, மரியம் உஸ் ஸமானி, நூர் ஜஹான் ஆகியோரின் ஹுக்கும்கள் இன்றும் உள்ளன.

இந்தப் பின்னணியில் நூர் ஜஹானின் எழுச்சி மரபை மீறியது. மிர்சா கியாஸ் பேக், அஸ்மத் பேகம் தம்பதியர் பாரசீகத்திலிருந்து வரும் வழியில் 1577இல் காந்தகாரில் பிறந்து, பின்னாளில் நூர் ஜஹான் எனப்பட்ட மெஹருன்னிசா, அலி குலி என்ற அதிகாரிக்கு மணம் முடிக்கப்பட்டார். ஷேர் ஆஃப்கன் என்று பட்டம் பெற்ற அவர் 1607இல் வங்காளத்தில் நேர்ந்த மோதலில் கொல்லப்பட, மெஹருன்னிசா மகள் லாட்லியோடு அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். 1611இல் ஜஹாங்கீரை மணந்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவர் முதல் மனைவி அல்லர், அரசகுலத்தவர் அல்லர், ஜஹாங்கீருக்குப் பிள்ளை பெற்றுத் தரவும் இல்லை. அந்தப்புர வழக்கப்படி உயர்வுக்கு வழிவகுத்த எந்தத் தகுதியும் அவரிடம் இருக்கவில்லை. இளமைக் காதல், அதற்காகச் செய்யப்பட்ட கொலை என்ற பிற்காலக் கதைகள் இந்தப் புதிரை விளக்கப் புனையப்பட்டவை என்றே தோன்றுகிறது. சமகாலச் சான்று எதுவும் அவற்றுக்குத் துணைநிற்கவில்லை.

விளக்கத்தின் ஒரு பகுதி அவர் பிறந்த குடும்பத்தில் இருக்கிறது. தந்தை இதிமாத் உத் தௌலா என்ற பட்டத்தோடு பேரரசின் உயர் அமைச்சரானார். அண்ணன் ஆசஃப் கான் உயர் பிரபு. பின்னாளில் மும்தாஜ் மஹால் எனப்பட்ட, ஆசஃப் கானின் மகள் அர்ஜுமந்த் பானுவை 1612இல், பின்னாளில் ஷாஜஹானான இளவரசர் குர்ரம் மணந்தார். நூர் ஜஹான், தந்தை, அண்ணன், குர்ரம் ஆகிய நால்வரும் ஒரு கூட்டணியாக இயங்கிப் பேரரசை ஆண்டனர் என்று 1922இல் வரலாற்றாசிரியர் பேனி பிரசாத் முன்வைத்த கருத்து நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தது. பதவி உயர்வுகளை ஆராய்ந்த நூருல் ஹசன், எல்லா நியமனங்களையும் அந்தக் கூட்டணியின் தலையில் ஏற்றிச் சொல்ல முடியாது என்று காட்டினார். அவர் மறுப்பு நியாயமானது. ஆனால் நூர் ஜஹானின் தனி அதிகாரத்தை அது குறைத்துவிடவில்லை. 1622இல் தந்தை இறந்தபோது அவருடைய சொத்துகள் முழுவதையும் ஜஹாங்கீர் நூர் ஜஹானுக்கே வழங்கி, தம் முரசு ஒலித்தபின் அவருடைய முரசு ஒலிக்கவும் ஆணையிட்டார். ஆசஃப் கான் இருக்கும்போதே தந்தையின் செல்வம் தங்கைக்குப் போனது. அண்ணன் தங்கை பிரிவுக்கு இது வித்திட்டிருக்க வேண்டும்.

அவருடைய வருவாயும் பரந்தது. யமுனையின் மறுகரையில் இருந்த சிக்கந்தராவில், கிழக்கிலிருந்து ஆக்ராவுக்கு வந்த சரக்குகளுக்கு அவருடைய அலுவலர்கள் சுங்கம் தண்டியதை டச்சு வணிகர் பெல்சார்ட் எழுதியுள்ளார். பஞ்சாபில் பயணிகளுக்காக எழுப்பிய நூர்மஹால் சத்திரமும், ஆக்ராவில் பெற்றோருக்காகப் பளிங்கில் நிறக்கற்கள் பதித்துக் கட்டிய கல்லறையும் இன்றும் உள்ளன. தாஜ் மஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரில் பலர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இந்தக் கல்லறையைப் பார்ப்பதில்லை. பளிங்கில் கல்பதிக்கும் அந்தக் கலை தாஜுக்கு முன்பே அங்கு முதிர்ந்துவிட்டது. வேட்டையில் ஆறு குண்டுகளால் நான்கு புலிகளை அவர் வீழ்த்தியதை ஜஹாங்கீர் பெருமிதத்தோடு பதிவுசெய்கிறார். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் தம் மதுவின் அளவைக் குறைத்துப் பேணியவர் அவரே என்றும் எழுதுகிறார். இஸ்லாமிய அரசியலில் இறையாண்மையின் இரு அடையாளங்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் பெயர் சொல்லப்படுதலும் நாணயத்தில் பெயர் பொறிக்கப்படுதலும் ஆகும். முதலாவது அவருக்குக் கிட்டவில்லை, இரண்டாவது கிட்டியது. அவர் பெயர் பொறித்த காசுகள் 1624 முதல் வெளிவந்தன. வேறெந்த முகலாயப் பேரரசியின் பெயரும் நாணயத்தில் இடம்பெறவில்லை.

1626இல் தளபதி மஹாபத் கான் ஜீலம் ஆற்றங்கரையில் ஜஹாங்கீரைச் சிறைப்பிடித்தபோது, நூர் ஜஹான் மறுகரைக்குத் தப்பிச் சென்று, அலட்சியமாக இருந்த பிரபுக்களைக் கடிந்து, மறுநாள் யானைமீது அமர்ந்து ஆற்றைக் கடந்து தாக்க முயன்றார். அம்பாரியில் அவரோடு குழந்தையான பேத்தியும் தாதியும் இருந்தனர். எதிரியின் அம்பு தாதியைக் காயப்படுத்தியது. தாக்குதல் தோற்றது, அவர் கணவரோடு சேர்ந்து தாமும் சிறையிருந்தார், பின்னர் சில மாதங்களில் சூழ்ச்சியால் மஹாபத் கானின் பிடியைத் தளர்த்தினார். ஆயினும் 1627 அக்டோபரில் ஜஹாங்கீர் இறந்ததும் நிலைமை ஒரே நாளில் மாறியது. தம் மருமகனும் லாட்லியின் கணவருமான இளவரசர் ஷஹ்ரியாரை அரியணையில் ஏற்ற அவர் விரும்பினார். ஆசஃப் கான் தம் மருமகன் குர்ரமைத் தேர்ந்தார். தங்கையைக் காவலில் வைத்த அண்ணனே வென்றார். ஷாஜஹான் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வழங்க, நூர் ஜஹான் பதினெட்டு ஆண்டுகள் லாகூரில் வாழ்ந்து 1645இல் மறைந்தார். அரியணையில் அமர அவருக்கென ஒரு மகன் இருந்திருந்தால், மரியம் உஸ் ஸமானிக்கு அமைந்தது போன்ற இராஜமாதாவின் முதுமை அவருக்கும் அமைந்திருக்கக்கூடும்.

மும்தாஜ் மஹாலின் வாழ்வு வேறு தன்மையது. பத்தொன்பது ஆண்டு மணவாழ்வில் பதினான்கு பேறுகள். அவற்றில் ஏழு குழந்தைகளே பிழைத்தன. பிறப்பிடங்களைப் பார்த்தாலே அந்தப்புரம் ஓரிடத்தில் அடைபட்ட வாழ்வு என்ற எண்ணம் கலைந்துவிடும்: ஜஹானாராவும் தாராவும் அஜ்மீரில், ரோஷனாரா புர்ஹான்பூரில், ஔரங்கசேப் தாஹோதில், முராத் கிழக்கே ரோஹ்தாஸ் கோட்டையில். கணவர் படையெடுத்தபோதும் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து தக்காணம், ஒரிசா, வங்காளம் என ஓடியபோதும் கருவுற்ற நிலையில் உடன்சென்றவர் அவர். பாசறையில் அந்தப்புரக் கூடாரங்கள் துணித்திரைச் சுவர்களால் வளைக்கப்பட்டிருக்கும்; பயணம் பல்லக்கிலும் திரையிட்ட யானை அம்பாரியிலும் நடக்கும். பேரரசியானபின் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் மானியம் பெற்றார்; அரச முத்திரையும் சிறிது காலம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆதரவற்ற பெண்களின் விண்ணப்பங்களை அவருடைய தலைமைப் பணியாளரான சதி உன் நிசா கானும் திரட்டித் தர, அவர் அவற்றைப் பேரரசரிடம் எடுத்துரைத்து மானியமும் வரதட்சணையும் பெற்றுத் தந்தார். 1631 ஜூனில் புர்ஹான்பூரில் பதினான்காவது பேற்றின்போது இறந்தார். ஷாஜஹானின் பிற மனைவியருக்குப் பட்டத்துக்கு மேல் ஏதும் இல்லை என்று அவைக்கள வரலாற்றாசிரியர் கஸ்வினி வெளிப்படையாகவே எழுதிவிட்டார்.

கஸ்வினியின் கூற்று மிகையன்று என்பதை அடுத்து நடந்தவை காட்டின. மும்தாஜ் விட்டுச்சென்ற ஒரு கோடி ரூபாய்ச் சொத்தில் பாதி மூத்த மகள் ஜஹானாராவுக்குச் சென்றது; எஞ்சியது மற்ற பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டது. பதினேழு வயதான ஜஹானாராவின் மானியம் 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. அந்தப்புரத் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மனைவியர் இருவர் உயிரோடு இருந்தும் எவரும் அந்த இடத்துக்குக் கருதப்படவில்லை. நூர் ஜஹான் பெற்றிருந்த அதிகாரத்தைக் கண்டவர் ஷாஜஹான். மனைவியின் பிறந்தகம் வாரிசுரிமையில் தலையிடும் ஆபத்து, மணமாகாத மகளிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்திருக்கலாம்.

ஔரங்கசேப்பும் இதே வழியில் நடந்தார். 1657இல் இறந்த முதல் மனைவி தில்ரஸ் பானுவுக்கு ஔரங்காபாத்தில் பீபி கா மக்பரா எழுந்தது. ஆனால் அந்தப்புரத் தலைமை முதலில் சகோதரி ரோஷனாராவிடமும், பின்னர் ஷாஜஹான் மறைந்தபின் மீண்டும் ஜஹானாராவிடமும், இறுதியில் மகள் ஜீனத் உன் நிசாவிடமும் இருந்தது. முதுமையில் அவர் மிகவும் விரும்பிய உதய்பூரி மஹாலின் செல்வாக்கு மகனுக்கு மன்னிப்புப் பெற்றுத் தருவதோடு நின்றது. 1690களின் தொடக்கத்தில் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட அனுப்பப்பட்ட அவர் மகன் இளவரசர் காம் பக்ஷ், உள்ளேயிருந்த மராட்டிய அரசர் ராஜாராமோடு இரகசியத் தொடர்பு கொண்டதாகத் தளபதிகளால் கைதுசெய்யப்பட்டார். அத்தகைய குற்றத்துக்கும் அவர் கடும் தண்டனை பெறாமல் தப்பியதற்குத் தாய்மீது பேரரசர் கொண்ட அன்பே காரணம் எனப்படுகிறது. ஔரங்கசேப் 1707 மார்ச்சில் அகமதுநகரில் இறந்தார். உதய்பூரி மஹால் அதே ஆண்டில் குவாலியரில் இறந்தார். ஜீனத் உன் நிசா மேலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1721இல் மறைந்தார்.